கம்பத்தில் ஒரு மீசைக்காரன்

ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு கைகளாலும் கம்பத்தைப் பிடித்தாள், ஆன்டெனா மாட்ட வந்த சத்யபிரியா. மொட்டைமாடிக் காற்று ஆளையே தள்ளியது.

"வந்திருச்சா சத்யா?" கீழிருந்து முருகேஸ்வரி.

"வரும்க்கா."

வரவில்லை. மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு முருகேஸ்வரியின் மகள் செல்வலட்சுமிக்கு வேலைக்கான இன்டர்வியூ, வீடியோவில். திருச்சுழிப் பக்கத்து இந்த ஊரில் செல்போன் பேசவே கண்மாய்க்கரை ஏற வேண்டும். அதற்காகத்தான் தூரத்து டவரைப் பார்த்து இந்த வட்ட ஆன்டெனா. "நெட்டுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லியிருந்தாள் சத்யபிரியா.

சாப்பிடப் போகும்வரை சிக்னல் கொட்டியது. திரும்பி வந்தால் சுத்தமாக இல்லை. யாராவது கை வைத்துவிட்டார்களா?

கீழே தெருவில் பைக்கில் சாய்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான் கேபிள்காரன் சதீஸ்குமார். வயர் இழுத்து நெட் தருகிறேன் என்று இரண்டு வருஷமாக ஊரில் சொல்லித் திரிபவன்.

"என்னக்கா, மொடங்கிருச்சா?"

"ஒன் வயரு வாரதுக்குள்ள இது வந்துரும் தம்பி. போயி டீயக் குடி."

கேபிள் முனையை மாற்றினாள். ஆன்டெனாவின் கோணத்தைச் சரிபார்த்தாள்; இம்மி நகர்ந்திருக்கவில்லை. கையிலிருந்த போனில் சிக்னல் ஏறியது, விழுந்தது. காற்று அடித்ததும் மறுபடி ஏறியது.

சத்யபிரியா மெல்ல நிமிர்ந்தாள்.

கம்ப உச்சியில் கட்டிய குச்சியிலிருந்து, முறுக்கு மீசை வரைந்த திருஷ்டிப் பூசணி ஒன்று ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு வந்தபோதே பார்த்ததுதான். ஆன்டெனா புதுசாச்சே, முருகேஸ்வரி கட்டியிருப்பாள் என்று விட்டுவிட்டாள். அது விலகினால் சிக்னல் வந்தது. ஆன்டெனாவுக்கு நேரே வந்தால் செத்தது.

கயிற்றை அறுத்தாள். அடுத்த நிமிஷம் கீழே செல்வலட்சுமியின் குரல்: "குட் ஆஃப்டர்நூன் சார்."

பூசணியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "அக்கா, இத நெலவாசல்ல கட்டுங்க. உள்ள பூராம் தண்ணி. அங்க தொங்குனா சிக்னல மறிச்சிரும்."

"நான் எங்க கட்டுனேன்? நீ கட்டுனதுன்னுல்ல நெனச்சேன்."

இருவரும் தெருவைப் பார்த்தார்கள். சதீஸ்குமார் பைக்கை விட்டு நிமிர்ந்து தலையைச் சொறிந்தான்.

"நாந்தேன்க்கா. நீங்க சாப்புடுறப்ப வெளிப்படி வழியா ஏறிக் கட்டுனேன்."

"என் வேலையக் கெடுக்கவாலே?"

"இல்லக்கா. காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேனா... இம்புட்டு நேர்த்தியா நிக்கிதே, என் கண்ணே பட்டுருமோன்னுதேன்."