ஈரத் துணிக்கு ஒரு சங்கீதம்

பக்கவாதம் வந்து மாமியாருக்குப் பேச்சுப் போனபோது பைபிளின் சங்கீதங்கள் மட்டும் போகவில்லை. மனப்பாடமானது மூளையில் வேறு இடத்தில் இருக்கும் என்றார் டாக்டர். மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். விதவையான நாளிலிருந்து, விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து துதிச் சங்கீதங்களைப் பாடுவதுதான் அவருடைய ஜெபம். தனக்கென்று எதையும் கேட்கமாட்டார். மருமகள் எதற்காவது அழுது ஜெபித்தால், "முறையிடாத. துதி. கேக்காமலே குடுப்பார்," என்பார்.

இப்போது எது வேண்டுமென்றாலும் பாட்டுத்தான். பதினான்கு மாதத்தில் மருமகள் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். இரண்டே வசனமுள்ள சங்கீதம் என்றால் பசி. எக்காளமும் கைத்தாளமும் வருகிற கடைசிச் சங்கீதம் என்றால் படுக்கை நனைந்துவிட்டது. நேரம் ஆக ஆகச் சத்தம் கூடும்.

கணவன் கப்பலில் சமையல்காரன்; வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையை அவள்தான் விடவேண்டியிருந்தது. கணவனின் அண்ணன், அம்மாவை மூன்று மாதம் வைத்துக்கொள்வதாக ஒருவழியாக ஒப்புக்கொண்டான். கடை முதலாளியும் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். நைட்டிகள், மாத்திரைகள், ரப்பர் விரிப்பு எல்லாவற்றையும் அவள் பைகளில் அடுக்கினாள்.

சனிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிப்போக அண்ணன் வந்தான். அவள் அடுப்படியில் இருந்தபோது உள்ளே பாட்டு கேட்டது. கடைசிச் சங்கீதம். மாற்று விரிப்போடு ஓடினாள். அவன் கண்கலங்கி நின்று போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"அத்தான், அத்தை நனைஞ்சிட்டாங்க. மாத்தணும்."

"சும்மா இரும்மா. எப்படித் துதிக்கிறாங்க பாரு."

பாட்டு முடியும்வரை நின்றாள். மாமியாரின் கண் போன்மேல் இல்லை. அவள் கையிலிருந்த விரிப்பின்மேல் இருந்தது.

"இந்தச் சந்தோஷம் எங்க வீட்ல கெடைக்காதும்மா," என்றான் அவன். "அங்க ஒரே சத்தம். அம்மாவ இங்கருந்து கெளப்புறது பாவம்."

"அது சந்தோஷத்துக்குப் பாடுறது இல்ல அத்தான். ஈரத் துணிக்குப் பாடுறது."

அவன் முகம் சுண்டிப்போனது. "ஆண்டவரத் துதிக்கிறதப் போயி இப்படிப் பேசாத."

அவன் கார் போனதும் விரிப்பை உருவினாள். மாமியார் மறுபடி வாயைத் திறந்தார். அவள் உள்ளங்கையால் பொத்தினாள்.

"போதும் அத்தை. இந்த வீட்ல துதி ஆண்டவருக்கு, துணி எனக்கு."

கைக்கடியில் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கையை எடுத்தபோது சத்தம் வரவில்லை. கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. துடைத்துவிடவேண்டும் என்று தோன்றியது. துடைக்கவில்லை.

துணியை அலசும்போது தானும் ஒரு துதி சொல்லிப் பார்த்தாள். முதல் வரியோடு விட்டுவிட்டாள். பிறகு கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, திங்கக்கெழம வரமுடியாது."

"ஏம்மா, அத்தையக் கூட்டிட்டுப் போகலயா?"

"இல்லண்ணா. பாடிட்டாங்க."

முதலாளிக்குப் புரியவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் வீடியோ சபை முழுக்கப் போயிருந்தது. போதகர் போனில் கூப்பிட்டார். "நாளைக்கு ஆராதனையில எல்லாருக்கும் போட்டுக் காட்டப்போறோம். நீங்க கட்டாயம் வரணும்."

"அத்தைய யாரு பாத்துக்குவாங்க பாஸ்டர்?"



"அப்ப நீங்க வீட்லயே இருந்து ஜெபிங்க," என்றார்.