பட்டியலில் ஒரு வரி

அம்மா, அந்தக் கறுப்புத் திரையில நீ எழுதறதை உள்ள யாரு உட்கார்ந்து கேக்கறாங்க, சாமியா? என்று மகள் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை, சாமி இல்லடி, ஷெல்னு ஒண்ணு, நாம சொல்றதை வாங்கி மெஷினுக்கு எடுத்துச் சொல்லும் என்றேன், அது ஒரு நாள் வரலைன்னா என்ன பண்ணுவ, வாசல்லயே நிக்க வேண்டியதுதான்... எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை. இதோ காலை பத்தேகால், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, ஆறிப்போன காபி, அதே ஷெல்லின் புது வெர்ஷன் மெஷின் மொழிக்குக் கம்பைல் ஆகி வரிவரியாக ஓடுகிறது, எழுதியவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அதை எங்கள் லினக்ஸ் இயங்குதளத் தொகுப்புக்கு ஏற்ற பேக்கேஜாகக் கட்டி, பழையது போய்ப் புதியது வரும்போது யார் வேலையும் கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, ஆறு வருடமாக, யாரும் கட்டாயப்படுத்தாமல் நானே தலையில் ஏற்றிக்கொண்டது, எத்தனை பேர் இதன் வழியாக உள்ளே போகிறார்கள் என்று எண்ணினால் மனம் கூத்தாடுகிறது, பழைய கட்டளைகளைத் தேடிக் கொடுப்பதில் இந்த வெர்ஷன் என்ன வேகம்! விரல் எடுப்பதற்குள் வந்து நிற்கிறது, நான் தனியாகச் சிரித்தது கணவர் காதில் விழுந்துவிட்டது போலிருக்கிறது, நான் மூணு தடவை கூப்பிட்டாதான் திரும்பற, அது ஒரு எழுத்து காட்டினா ஓடிப்போய்ப் பாக்கற, என் நெத்தியிலயும் ரெண்டு வரி ஓட விடட்டுமா என்கிறார், ஓடவிடுங்க, தப்பு இருந்தா திருத்தித் தரேன் என்கிறேன், அது நடக்கற காரியமில்ல என்று மகளின் சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கிளம்பிவிட்டார், அவளும் பின்னாலேயே. வீடு அமைதி. திரையில் எல்லா டெஸ்ட்டும் பச்சை, கடவுளே, எல்லாம் பச்சை.

பன்னிரண்டு மணிக்கு வாசல் பூட்டு, அதற்குப் பிறகு இந்த வெளியீட்டில் எதுவும் நுழையாது, வெளியீட்டை ஒருங்கிணைக்கிற தம்பிக்கு நாங்கள் வைத்த பெயரே மணிக்கூண்டு, அவன் குரல் போனில், அக்கா, பன்னிரண்டு ஒண்ணுக்கு வந்தீங்கன்னா நீங்க யாரோ நான் யாரோ, சரிடா சாமி வந்துடறேன், அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஆமை அண்ணன் போன மாசம் ரெண்டு இடத்துல சொதப்பிட்டாருக்கா, இன்னும் ஒண்ணு வந்தா அவர் கையில இருந்து மாத்தம் பண்ற அனுமதியை வாங்கிடலாம்னு பேசிக்கறாங்க... எனக்குச் சுருக்கென்றது. ஆமை என்பது நாங்கள் வைத்த பெயர், பதில் மூன்று நாள் கழித்து வரும், ஆனால் வந்தால் சரியாக இருக்கும், நான் சேர்வதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தொகுப்பில் இருக்கிறவர், இதைத் தவிர அவருக்கு வேறு பெருமை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, அனுமதியை வாங்கிவிட்டால் அந்த மனிதர் காலையில் எழுந்து என்ன செய்வார்?

கடைசியாக ஒரு சோதனை, ஒரு மாதிரிக் கணினியில் பழைய வெர்ஷனைப் போட்டு, அதன் மேல் புதியதை ஏற்றி, சாதாரண ஆளாக உள்ளே போய்ப் பார்ப்பது, வெறும் சடங்கு என்று நினைத்துக்கொண்டே தட்டினேன், அனுமதி மறுக்கப்பட்டது. கடவுச்சொல் தப்போ, மறுபடி, மறுக்கப்பட்டது... பயமா சந்தோஷமா தெரியவில்லை, இது வெளியே போயிருந்தால்? நிர்வாகியாக வேறு ஷெல்லில் நுழைந்து, அனுமதிக்கப்பட்ட ஷெல்களின் பட்டியல் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு, அதில் இல்லாத ஷெல்லோடு வருகிறவர்களை உள்ளே விடாது, அதைத் திறந்தேன், எங்கள் வரி இல்லை! கண்டுபிடித்துவிட்டேன், மேசையைத் தட்டியதில் காபி தளும்பியது. பழைய பேக்கேஜ் வெளியேறும்போது தன் வரியை அடித்துவிட்டுப் போகிறது, முழுதாக நீக்கினால் அது சரி, புதியது வந்து உட்கார்ந்திருக்கும்போது அடிக்கக் கூடாது, உண்மையிலேயே வெளியேறுகிறோமா என்று கேட்கிற ஒரே ஒரு நிபந்தனை, அது போன வெர்ஷனில் காணாமல் போயிருக்கிறது. யார் எடுத்தது? ஆமை அண்ணா. தேதியைப் பார்த்தேன், அவர் மனைவிக்கு இடுப்பில் அறுவை நடந்த வாரம், ஆஸ்பத்திரி வராந்தாவில பிளக் கிடைச்சுதும்மா, சும்மா உட்கார முடியல, நிரல்ல தேவையில்லாததைக் கொஞ்சம் துடைச்சு வெச்சேன் என்று எழுதியிருந்தாரே, அதன் கீழே சரிபார்த்து ஒப்புதல் கொடுத்த பெயர்... என் பெயர். பத்து விநாடிகூடப் பார்த்திருக்க மாட்டேன், அவர் செய்தால் சரியாகத்தானே இருக்கும்.

பதினொன்று இருபது. ஏற்கெனவே மக்கள் கணினியில் இருக்கிற பழையதை இனிப் போய்த் திருத்த முடியாது, போகிறபோது அது அடிக்கத்தான் செய்யும், எல்லாம் முடிந்த பின் புதியது ஒருமுறை திரும்பிப் பார்த்து, வரி இல்லையென்றால் சேர்க்க வேண்டும், எனக்கு இது மனப்பாடம், ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன்னால் இதே தவறை இதே இடத்தில் செய்தவள் நான், சேர்ந்த புதிது, ஒரு பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் திங்கள்கிழமை காலை வாசலில் நின்றார்கள், நான் குளியலறைக்குள் போய் அழுதேன், திரும்பி வந்து பார்த்தால் திருத்தம் எல்லோருக்கும் வெளியாகியிருந்தது, ஆமை, மூன்று நாள் எடுக்கிறவர் நாற்பது நிமிடத்தில், மாற்றப் பதிவில் என் பெயர் இல்லை, "சரிபார்ப்பில் நான் கவனிக்கத் தவறியது" என்று ஒரு வரி, அதன் கீழே அவர் பெயர். விரல்கள் ஓடுகின்றன, நிபந்தனையைத் திரும்ப வைத்தேன், திரும்பிப் பார்க்கிற நாலு வரியைச் சேர்த்தேன், கட்டினேன், மாதிரிக் கணினியை அழித்துப் புதிதாகப் பழையதைப் போட்டு, புதியதை ஏற்றி, தட்டினேன், திறந்தது! இன்னொரு தரம், திறந்தது!

பதினொன்று ஐம்பது, மாற்றப் பதிவு, என்ன உடைந்தது, எப்படி, இனி எப்படி நடக்காது, எல்லாம் எழுதினேன், யார் எடுத்தது என்பதைத் தவிர எதையும் மறைக்கவில்லை, கடைசியில் "சரிபார்ப்பில் நான் கவனிக்கத் தவறியது", பொய் இல்லை, ஒரு சொல்கூட, அனுப்பிவிட்டேன். வந்துடுச்சுக்கா, பூட்டிட்டேன் என்று மணிக்கூண்டு. அதே நேரம் ஆமை அண்ணாவிடமிருந்து, நான் செவ்வாய்க்கிழமை அவர் மனைவியின் நலம் கேட்டதற்கு இன்றைக்குப் பதில், இன்னிக்கு சுவரைப் பிடிக்காம நாலு அடி நடந்தாம்மா, அஞ்சாவது அடிக்கு என்னைத் திட்டினா, அப்பவே தெரிஞ்சுது சரியாயிட்டான்னு. சந்தோஷம் அண்ணா, நாளைக்கு அஞ்சு அடி என்று மட்டும் எழுதினேன். ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் மணி, மகள் வந்துவிட்டாள், நான் இன்னும் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு இது உண்மை, ஒப்புதல் என்னுடையது, ஆனால் அன்றைக்கு, ஆறு வருடத்துக்கு முன்னால்... என் மாற்றத்துக்கு யாராவது ஒப்புதல் கொடுத்திருந்தார்களா என்ன? புதிதாகச் சேர்ந்த அவசரத்தில், யாரிடமும் காட்டாமல் நானே நேராக ஏற்றவில்லையா? அப்படியென்றால் அண்ணா கவனிக்கத் தவறியது எதை?