மூன்று மணி நேரக் காற்று

அந்த உணவு விடுதி மச்சானுடையது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். அங்கே ஒயின் வாங்குவதும் பாதுகாப்பதும் பதினோரு வருடம் அவள் பொறுப்பில் இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். முப்பத்து மூன்று வயது.

விடுதியின் ஒயின் பட்டியலில் கடைசிப் பக்கம் அவளுடையது. பழைய பிரெஞ்சுச் சிவப்பு ஒயின்கள், பதினான்கு வகை. ஒவ்வொன்றின் கீழும் அவளே எழுதிய இரண்டு வரிகள். புதிய பட்டியல் அச்சுக்குப் போகவிருந்தது. அந்தப் பக்கத்தை எடுக்கப்போவதாக மச்சான் போனில் சொன்னார்.

“ஏன்?”

“எல்லாம் வினிகர். அவ ஏமாந்து வாங்கினது. சாவு வீட்டுல வேண்டாமேன்னுதான் பேசாம இருந்தேன்.”

அவர் பேசாமல் இருக்கவில்லை. சாவு வீட்டிலேயே மூன்று பேரிடம் சொன்னார். மூன்றாவது ஆள் என் அப்பா.

நான் விடவில்லை. நான்கு நாள் போனில் சண்டை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு பாட்டிலைத் திறப்பது. ஓய்வுபெற்ற ஒயின் வியாபாரி ஒருவர் ருசி பார்த்துச் சொல்வது. நன்றாக இருந்தால் பக்கம் இருக்கும், இல்லையென்றால் போகும். அந்த வியாபாரிக்கு ‘மூக்கு’ என்று பட்டப்பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மச்சான் எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் அவர்தான்.

எந்தப் பாட்டில் என்பதை மச்சானே சொன்னார்.

“எழுபத்தஞ்சு. அதுதானே அவ ரொம்பப் பீத்திக்கிட்டது?”

பதினான்கில் மிகவும் சந்தேகமானது அதுதான். அதன் திராட்சை பறித்த வருடம் 1975; அது முரட்டு ஆண்டு என்று அவள் சொல்வாள். துவர்ப்பு அதிகம். பல பாட்டில்களில் துவர்ப்பு கரைவதற்குள் பழத்தின் ருசி செத்துவிடும். இது சாகாது என்று நம்பி ஆறு வாங்கினாள். மச்சான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. இப்போது மிச்சம் இரண்டு.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிப்பவன். ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது. அவளுடைய குறிப்பேடு என்னிடம் இருந்தது. ஒயின் வைக்கும் நிலவறையின் சாவியும் இருந்தது. குறிப்பேட்டில் எழுபத்தைந்துக்கு நேராக எழுதியிருந்தாள்: “மூன்று மணி நேரம் காற்று வேண்டும். அதற்கு முன் யாருக்கும் ஊற்றாதே.”

அப்படியே செய்தேன். வண்டல் அடியில் தங்க இரண்டு நாள் முன்பே பாட்டிலை நிமிர்த்தி வைத்தேன். அன்று பகல் ஒரு மணிக்குத் திறந்து, பாட்டிலின் கழுத்துக்குக் கீழே டார்ச் பிடித்து, தெளிந்ததை மட்டும் கண்ணாடிக் குடுவையில் ஊற்றினேன். வாயகன்ற குடுவை. நான்கு மணி வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு விடுதியில் ஆள் இல்லை. நாற்காலிகள் மேசைகள் மேல் கவிழ்ந்து கிடந்தன. ஒரு மேசையில் மட்டும் மூன்று கிளாஸ். மூக்கு முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். கிளாஸைத் தள்ளி வைத்தார்.

“போயிடுச்சு,” என்றார்.

மச்சான் சிரித்தார். “கேட்டியா மாப்ள? என் தங்கச்சி தேடிப் பிடிச்சது எதுவும் உருப்பட்டதில்ல. ஒயினும் சரி, ஆளும் சரி.”

அவள் இருந்தவரை என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டார்.

“எப்பத் திறந்தீங்க?” மூக்கு என்னைக் கேட்டார்.

“ஒரு மணிக்கு.”

“யார் சொன்னா?”

குறிப்பேட்டை நீட்டினேன். கையை முழுதாக நீட்டிப் பிடித்து வாசித்தார். கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள். தேதியில் விரலை வைத்தார்.

“தம்பி, இது ஏழு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. அப்போ இவன் முரடன். மூணு மணி நேரம் காத்தாட விட்டாத்தான் வாயைத் திறப்பான். இப்போ கிழவன். திறந்ததும் குடிச்சிடணும். இவனைப் போய் மூணு மணி நேரம் நிக்க வெச்சா?” குறிப்பேட்டை மூடினார். “அந்தப் பொண்ணு அன்னைக்கு எழுதினது சரி. நீங்க இன்னைக்குச் செஞ்சது தப்பு. ஒயின் கெட்டுப் போகல. நீங்க கொன்னீங்க.”

அவள் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் செய்திருந்தேன்.

“அதெல்லாம் எதுக்கு சார்?” என்றார் மச்சான். “ஒரு பாட்டில்னு பேச்சு. கதை முடிஞ்சது.”

எழுந்தேன்.

“எங்க போற?”

“இன்னொண்ணு இருக்கு.”

“தொட்டேன்னா மரியாதை கெட்டுடும். சரக்கு என்னோடது.”

“அவ வாங்கினது.”

“யார் காசுல? பொண்டாட்டி போனா கடையும் வந்துடுமா உனக்கு?”

நிலவறைப் படிக்கட்டின் வாயில் போய் நின்றுகொண்டார். என்னைவிட ஒரு மடங்கு பெரிய உடம்பு. நான் தோளால் இடித்தேன். அவர் சுவரில் மோதினார். மூக்கு, “டேய், விடு!” என்று கத்தினார். என்னிடமா மச்சானிடமா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

இந்தப் பாட்டிலை நிமிர்த்தி வைக்கவில்லை. அதனால் படுத்த வாக்கிலேயே, குலுக்காமல் கொண்டுவந்தேன். கார்க் பாதியில் உடைந்தது. மீதியை மூக்கு இரண்டு தகடுகள் கொண்ட எடுப்பானைச் செருகி, முறுக்கி, மெல்ல வெளியே எடுத்தார். குடுவை வேண்டாம் என்றார். நேராக மூன்று கிளாஸ்களில் சாய்த்தார். நடுவில் கருஞ்சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம்.

“சீக்கிரம். இது நமக்காகக் காத்திருக்காது.”

குடித்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை. எட்டு மாதமாக எதிலும் தெரிவதில்லை. சூடு தெரியும், உப்பு கொஞ்சம் தெரியும். இதில் ஈரம் தெரிந்தது.

அதனால் மச்சானின் முகத்தைப் பார்த்தேன். என் வேலையே அதுதான். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எழுத்து நிஜமாகத் தெரிகிறதா, ஊகித்துச் சொல்கிறாரா என்று முகத்தில் பார்ப்பது.

துப்பத் தயாராகத்தான் குடித்தார். சொல்லவேண்டிய வார்த்தை உதட்டில் இருந்தது. அது வரவில்லை. தாடை ஒருமுறை அசைந்து நின்றது. விழுங்கினார். அடுத்த வாயைச் சின்னதாகக் குடித்தார். பிறகு சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“துவர்ப்பு கரைஞ்சிடுச்சு. பழம் இருக்கு,” என்றார் மூக்கு. “கால் மணி நேரம் தாங்கும். உன் தங்கச்சி ஏமாறலடா.”

“கால் மணி நேர ஒயினை எவன் சார் கேப்பான்?” மச்சான் கதவைப் பார்த்தபடியே கேட்டார். “அதுவும் இதோட தீர்ந்துபோச்சு. இல்லாத சரக்கைப் பட்டியல்ல போடவா?”

“இந்த ஒண்ணை எடு. மத்த பதிமூணு இருக்குல்ல? ஒவ்வொண்ணையும் மறுபடி திறந்து பாரு. ஏழு வருஷத்துக் குறிப்பை வெச்சுக்கிட்டு ஊத்தாத.”

மச்சான் தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“பக்கம் இருக்கும். ஆனா நீ இங்க இருக்காத. சாவியை வெச்சிட்டுக் கிளம்பு. இனிமே இந்தப் பக்கம் வந்தா அடிச்சுத் துரத்துவேன்.”

சாவியை மேசையில் வைத்தேன். அவர் சட்டைத் தோளில் சுவரின் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. வாசல் வரை போய்த் திரும்பினேன்.

“மச்சான். எப்படி இருந்துச்சு?”

“நீயும்தானே குடிச்ச?”

“எனக்கு ஒண்ணும் தெரியல.”

அவர் கிளாஸில் ஒரு விரல் அளவு மிச்சம் இருந்தது. அதை எடுத்து, அவசரப்படாமல் குடித்து முடித்தார்.

“உனக்குச் சொல்ல மாட்டேன்,” என்றார்.