மேலே யாரோ நடக்கிறார்கள்

என் அத்தானுக்குக் கண் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒரு தடவை அக்கா இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன், இரண்டு வாரம் கழித்து, "என்ன, ஷாம்பு மாத்திட்டியா?" என்று கேட்டார். அக்கா சிரித்துவிட்டாள். நானாக இருந்தால் தட்டு பறந்திருக்கும்.

இத்தனைக்கும் அவர் இயற்பியல் பேராசிரியர். தலைமுடியைவிட மெல்லிய இழையில் ஒரு சின்ன எடையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் வைத்த ஈயக் குண்டு அதை எவ்வளவு இழுக்கிறது என்று அளப்பதுதான் வேலை. உலகத்தில் எதுவும் எதையும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுமாம். ஆனால் அந்த இழுப்பு அவ்வளவு சன்னமானது. கதவை அடித்துச் சாத்தினால் அன்றைய அளவு போச்சு. அதற்காகவே பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடத்தில் பேஸ்மென்ட் அறையைக் கேட்டு வாங்கினார். உள்ளே நுழைந்தால் செருப்பைக் கழற்ற வேண்டும், குசுகுசுவென்றுதான் பேச வேண்டும். மாணவர்கள் அவருக்கு 'அமைதி சார்' என்று பேர் வைத்திருந்தார்கள்.

விதி யாரை விட்டது? அந்த அறைக்கு நேர் மேலே அக்காவின் செடி அறை. அக்கா தாவரவியல். கடும் வெயிலிலும் காய் பிடிக்கிற தக்காளி ஒன்றை உருவாக்கியே தீருவது என்று வருஷக்கணக்காக ஒற்றைக் காலில் நிற்பவள். நிற்பவள் என்றா சொன்னேன்? நாள் முழுக்க நடப்பவள். தொட்டியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து விளக்குத் தட்டுக்கு, அதுவும் அடிப்பாகம் கட்டியான ஷூவைப் போட்டுக்கொண்டு. எதிர் அறை என்னுடையது, நுண்ணுயிரியல். அத்தான் என்னை வார்த்தைக்கு வார்த்தை 'கிருமி' என்றுதான் கூப்பிடுவார்.

வாரத்துக்கு நாலு தடவையாவது அக்காவின் டெலிபோன் அடிக்கும். நடைவழியைத் தாண்டி எனக்கே கேட்கும்.

"ஏம்மா, கொஞ்சம் சத்தம் போடாம நடக்க முடியாதா?"

"சரிங்க," என்பாள் அக்கா, பரம சாதுவாக. பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடியே தரையில் இரண்டு மிதி மிதிப்பாள். முதலில் வலது கால், பிறகு இடது கால். கீழே இழை ஆடுமாம். அத்தான் தலையில் கை வைத்துக்கொள்வாராம். அன்றைக்குச் சாயந்திரம் ரெண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

அந்தச் சத்தத்தைச் சமாளிக்க அத்தான் ஒரு வழி வைத்திருந்தார். தரையில் ஒரு அதிர்வுமானி. மேலே யார் நடந்தாலும் அது பதிவு செய்துவிடும். அந்த அதிர்வைத் தன் கணக்கிலிருந்து கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வார். ஆக, அக்கா வருஷக்கணக்காக நடந்த நடை அத்தனையும் கழிக்க வேண்டிய கழிவாக அவருடைய கம்ப்யூட்டரில் கிடந்தது.

ஒரு நாள் காலையில் என்னைக் கீழே கூப்பிட்டார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"கிருமி, உங்கக்கா புதுசா யாரையோ வேலைக்கு வெச்சிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"யாரும் இல்லையே அத்தான்."

"இங்க பாரு." திரையில் ஒரு கோடு துள்ளித் துள்ளி ஓடியது. "இது உங்கக்கா நடை கிடையாது. அவ நடை எனக்குத் தெரியும், டக்கு டக்குன்னு ரெண்டும் ஒரே மாதிரி விழும். இது யாரோ காலை இழுத்து இழுத்து நடக்குறாங்க. ஒரு டக்கு, அப்புறம் ஒரு சர்ரு. என் கணக்கெல்லாம் கந்தல். போய் யாருன்னு பாரு."

முடி போனது தெரியாத மனுஷனுக்கு நடை தெரிகிறதாம் என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏறினேன். செடி அறையில் ஈ காக்காய்கூட இல்லை. அக்கா மட்டும் பூவாளியோடு நின்றாள். அத்தான் சொன்னதைச் சொன்னேன்.

"யாருடி வந்திருக்காங்களாம்? உங்க அத்தானுக்குக் காதும் போச்சா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஆளை இன்றைக்கு மடக்கியே தீருவது என்று அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டேன். "அத்தான், இங்க அக்காவும் நானும்தான் இருக்கோம். நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன், காலைத் தூக்கி மேல வெச்சிட்டேன். இப்ப அக்கா குழாய்க்கு நடக்குறா. திரையில என்ன வருது, சொல்லுங்க பாப்போம்."

அக்கா நடந்தாள். நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன்.

"அத்தான்?"

"திரும்பி வரச் சொல்லு," என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

அக்கா திரும்பி வந்தாள். அத்தான் போனை வைத்துவிட்டார். அப்போதுதான் நான் முதல் தடவையாக அக்காவின் காலைப் பார்த்தேன். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இடது ஷூவின் முனை மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது.

பிறகு தெரிந்தது, அத்தான் அன்று காலை முழுக்கப் பழைய பதிவுகளையெல்லாம் தோண்டிப் பார்த்திருக்கிறார். போன வருஷம் இரண்டு காலும் ஒன்றுபோல விழுந்திருக்கின்றன. பிறகு மாதா மாதம் இடது கால் ஒரு இம்மி தாமதமாகி, ஒரு இம்மி இழுத்து, கடைசியில் அவர் அவளையே யாரோ வேற்றாள் என்று நினைக்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

மத்தியானம் அவரே மேலே ஏறி வந்தார். அந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து அவர் அந்த அறைக்குள் கால் வைத்ததே கிடையாது. செடிகளுக்கு நடுவே, செருப்பில்லாத காலோடு நின்றார்.

"உன் இடது கால்..." என்று ஆரம்பித்தார்.

"ஓஹோ! இத்தனை நாள் சத்தம்னு சொன்னீங்க, இப்ப ஒவ்வொரு காலா குத்தம் சொல்ல வந்துட்டீங்களா?" அக்கா பிடித்துக்கொண்டாள். "நான் என்ன பறந்தா போக முடியும்? உங்க ஈயக் குண்டைத் தூக்கிட்டு வேற கட்டடத்துக்குப் போங்களேன்!"

"அக்கா, அவர் சொல்றதைக் கேளு."

"நீ சும்மா இருடி."

அவள் கையில் சின்ன இடுக்கி இருந்தது. தக்காளி மொட்டு விரிவதற்கு முன்னால் அதைப் பிரித்து, மகரந்தப் பைகளை மட்டும் கிள்ளி எடுக்கிற இடுக்கி. அக்கா பேசிக்கொண்டே இருக்கும்போது அது விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. விரல்கள் இன்னும் இடுக்கியைப் பிடித்த மாதிரியே இருந்தன.

மூன்று பேரும் கீழே கிடந்ததைப் பார்த்தோம்.

"எத்தனை நாளா?" என்றார் அத்தான்.

அக்கா செடியைப் பார்த்தாள். "கையுறை போட்டுக்கிட்டே இருக்குற மாதிரி இருக்கு," என்றாள், யாரிடமோ சொல்வதுபோல. "வயசாகுதுன்னு நெனச்சேன்." போன மாதம் அவள் பித்தானை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தபோது, ஊரைக் கூட்டிச் சிரித்தவள் நான்தான். கிருமியை ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறவளுக்கு எதிர் அறையில் அக்கா தேய்ந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

மருத்துவப் பிரிவு சாலைக்கு எதிர்ப்பக்கம். அங்கே நரம்பு டாக்டர் அம்மா, அத்தான் நீட்டிய லேப்டாப்பைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எக்ஸ்ரே எடுத்துட்டு வருவாங்க. நீங்க தரையை எடுத்துட்டு வந்திருக்கீங்க!" என்று சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை. அக்காவை ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார் டாக்டர். கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னார். சுத்தியலால் முழங்காலைத் தட்டியபோது கால் வேண்டிய அளவைவிட அதிகமாகத் துள்ளியது. அதற்குப் பிறகு டாக்டரும் சிரிக்கவில்லை.

ஸ்கேனில் தெரிந்துவிட்டது. கழுத்தெலும்பு தேய்ந்து, நடுவே போகிற தண்டுவடத்தை நசுக்கிக்கொண்டிருந்தது. கழுத்தைத் திறந்து அந்த அழுத்தத்தை எடுத்தாக வேண்டும்.

"எடுக்கலைன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"எப்பவாவது வழுக்கி விழுந்தீங்கன்னா கையும் வராது, காலும் வராது. எடுத்தா, இதுக்கு மேல மோசமாகாது. போனது திரும்பி வருமாங்கறது மட்டும் நான் சொல்ல முடியாது. சில பேருக்கு வரும்."

"இப்பத்தான் மொட்டு விடுது. இந்தப் பூவு முடியட்டும்," என்றாள் அக்கா.

"பூவாவது, காயாவது!" என்று நான் கத்திவிட்டேன்.

"உனக்கென்னடி, உன் கிருமியைப் பிரிட்ஜுல வெச்சிட்டு எப்ப வேணா எடுத்துக்கலாம். பூ எனக்காகக் காத்திருக்குமா? இந்த வாரம் மகரந்தம் வைக்கலைன்னா நாலு தலைமுறைச் செடி வீண்."

"நான் வைக்கிறேன்," என்றார் அத்தான்.

நாங்கள் இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள். ஆனால் யோசித்துப் பார்த்தால், கண்ணுக்கே தெரியாத இழையைக் கொக்கியில் மாட்டுகிற கை அவருடையது. அந்தக் கட்டடத்திலேயே நடுங்காத கை அது ஒன்றுதான்.

அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கட்டிலில் கிடந்தபடி போனில் பாடம் நடத்தினாள். "மொட்டை மேலேர்ந்து பிடிக்காதீங்க. பக்கவாட்டுல. மஞ்சளா கூம்பு மாதிரி இருக்கும், அதை மட்டும் உருவுங்க. நடுவுல பச்சையா ஒண்ணு நிக்கும், அதைத் தொட்டீங்க, தொலைஞ்சீங்க." அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினார். பச்சைத் தண்டின் நுனியில் மகரந்தத்தை ஒற்றினார். ஒவ்வொரு பூவுக்கும் நூலில் ஒரு சீட்டு கட்டினார். நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மேலே அக்கா இல்லை, எனவே கீழே பரம அமைதி என்று பார்த்தால் அதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் செடி அறை டெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன். கீழே அத்தானிடம் ஆராய்ச்சி செய்கிற பெண்.

"மேடம், மேல யாரோ யானை மாதிரி நடக்குறாங்க. கொஞ்சம் சத்தம் போடாம நடக்கச் சொல்லுங்களேன். சாருக்குத் தெரிஞ்சா கத்துவாரு."

நான் சிரித்த சிரிப்பில் அத்தான் கையிலிருந்த சீட்டைத் தவறவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள்தான் ஆபரேஷன்.

ஆபரேஷன் அன்றைக்கு எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் அத்தான் உட்காரவே இல்லை. போகிற வருகிற நர்ஸ்களின் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "அழுத்தத்தை எடுத்தாச்சு. இனிமே அவங்க உடம்புதான் சொல்லணும்," என்றார். அக்கா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, எத்தனை பூ பிடித்தது என்பதுதான். எனக்கு அவள் மேல் வந்த பாசத்தில் அவளை அடிக்கலாம்போல் இருந்தது.

விரல்களில் முதலில் உணர்வு திரும்பியது. பித்தானைத் தானே போட்டுக்கொண்டாள். கால்தான் பிடிவாதம் பிடித்தது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், பிறகு கோலை ஊன்றி நடந்தாள். அத்தான் அவள் நடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வாள், அது அவருக்குத் தெரியும். வீட்டுத் தரையில் அதிர்வுமானி வேறு இல்லை.

கழுத்துப் பட்டையைக் கழற்றிய பிறகு ஒரு திங்கட்கிழமை அவள் செடி அறைக்கு வந்தாள். வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்த அத்தான், "உள்ள நீயே போ," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடலாம் என்று பின்னாலேயே போனேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரைக்கு முன்னால் நின்றார். கோடு நேராக ஓடியது. இப்படி ஒரு அமைதிக்காகத்தான் மனுஷன் ஆயுசு முழுக்க ஏங்கியது. அவர் டெலிபோனை எடுத்தார்.

"சார்," என்று அந்தப் பெண் குசுகுசுத்தாள், "அளவு ஓடிட்டிருக்கு."

"ஓடட்டும்."

மேலே மணி அடிப்பது எங்களுக்கே லேசாகக் கேட்டது. அக்கா எடுத்தாள்.

"ஏம்மா," என்றார் அத்தான். "கொஞ்சம் சத்தம் போடாம நடக்க முடியாதா?"

"சரிங்க," என்று அக்கா சொன்னது எனக்கும் கேட்டது. அதே சாதுக் குரல்.

வலது கால் விழுந்தது. கோடு எகிறியது.

பிறகு ஒன்றும் இல்லை. கோடு திரும்ப நேராகி, நேராகவே ஓடியது. அத்தான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். திட்டுவதற்கு நான் கொண்டுவந்த வார்த்தைகள் எங்கே போயின என்று எனக்கே தெரியவில்லை.

இடது கால் விழுந்தது. கோடு எகிறியது வலதைவிடக் கொஞ்சம் குட்டைதான், ஆனால் இழுவை இல்லை. ஒரே டக்கு. கீழே இழை ஆட, அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை மிதி," என்றார் அத்தான்.