கிரவுனா, பெனன்டா

ப்ளோரிடாவில் வயதானவர்களைப் பிடிக்கும் பைத்தியங்கள் பல. கோல்ஃப் பைத்தியம், சீட்டாட்டப் பைத்தியம், நாய்ப் பைத்தியம். எல்லாமே ஒருநாள் தெளியக்கூடியவை. உல்லாசக் கப்பல் பைத்தியம் மட்டும் தெளியாது. லோர்னாவுக்கும் அவள் தங்கை டெல்லாவுக்கும் அது தலைக்கேறி வெகு காலமாகிறது. ஒரே கப்பல் மீது பைத்தியமாக இருந்திருந்தாலும் தேவலை. லோர்னா, ஹார்பர் கிரவுன் என்ற கம்பெனியின் கப்பலைத் தவிர வேறெதிலும் கால் வைக்கமாட்டாள். டெல்லாவுக்கோ ப்ளூ பெனன்ட்தான் கப்பல், மற்றதெல்லாம் தகர டப்பா. இருவரும் ஃபோர்ட் லாடர்டேலில் அடுத்தடுத்த தெருவில் இருந்தார்கள். துறைமுகம் காரில் போனால் கூப்பிடு தூரம். இருந்தும் ஒரு தடவைகூட இருவரும் சேர்ந்து கடலுக்குப் போனதில்லை.

அந்த ஜனவரியில் தம்பி வெண்டல் இண்டியானாவிலிருந்து வந்தான். ஆயுள் முழுக்கத் தானியக் கிடங்கில் வேலை பார்த்த பிரம்மச்சாரி. அப்பாவையும் அம்மாவையும் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டவன் அவன்தான். அக்காக்கள் அப்போதெல்லாம் எங்கேயாவது பஹாமாஸ் பக்கம் மிதந்துகொண்டிருந்தார்கள். அதை அவன் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது அவன் கணையத்தில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சைக்கான கட்டத்தைத் தாண்டிவிட்டது. "எதை ஆசைப்படுறாரோ அதைச் சீக்கிரமாச் செஞ்சுடுங்க. வசந்த காலத்துக்கு அப்புறம் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்று டாக்டர் லோர்னாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வெண்டலின் ஆசை சின்னது. ஒருநாள் காலையில் கண்விழிக்கும்போது நாலு பக்கமும் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியக்கூடாது. கூட இரண்டு அக்காக்களும் இருக்கவேண்டும்.

"சோளக்காட்டையே பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. அது மாதிரியே, ஆனா அறுவடை பண்ண வேண்டாத ஒண்ணைப் பாக்கணும்" என்றான்.

இதைவிட லேசாக ஒருவன் எதைக் கேட்டுவிட முடியும்? சனிக்கிழமை தவறாமல் இரண்டு கம்பெனிக் கப்பல்களும் அதே துறைமுகத்திலிருந்துதான் கிளம்புகின்றன. ஏதோ ஒன்றில் மூன்று டிக்கெட் போட்டால் முடிந்தது. ஆனால் ஏதோ ஒன்று என்ற பேச்சே அந்தச் சகோதரிகளிடம் கிடையாது.

லோர்னாவின் சமையலறை மேஜையில் ஆளுக்கொரு கணினியை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் வெண்டல், ஆப்பிள் கூழை ஸ்பூனால் கிளறிக்கொண்டு.

"சாப்பாட்டுக்கு எங்க பெனன்டை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்று ஆரம்பித்தாள் டெல்லா.

"அவன் ஆப்பிள் கூழ் சாப்பிடறாண்டி. அதுல என்ன பெனன்ட், என்ன கிரவுன்? அறையைப் பாரு. எங்களுதுல பால்கனியில கால நீட்டிப் படுக்கலாம். உங்களுதுல நின்னாலே மூக்கு கம்பியில இடிக்கும்."

"உங்க கப்பல்ல லிஃப்ட்டு கதவு திறந்தா மொத்தமும் சக்கர நாற்காலிதான். இருக்கறதுலயே சின்னப் பையன் கேப்டன்தான்னு ஊரே சிரிக்குது."

"அப்ப எனக்கு அதுதான் சரியான கப்பல்" என்றான் வெண்டல்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு டாக்டர்களை எடுத்துக்கொண்டார்கள். எந்தக் கப்பலில் எத்தனை டாக்டர், எதில் எக்ஸ்ரே இருக்கிறது, எதிலிருந்து நோயாளியை ஹெலிகாப்டரில் சீக்கிரம் தூக்குவார்கள் என்று தம்பியை நடுவில் வைத்துக்கொண்டே பேசினார்கள். பேச்சு மும்முரத்தில் அது அவர்களுக்கு உறைக்கவில்லை.

"ஏன் மகாராணிகளே, ஒரு சந்தேகம்" என்றான் வெண்டல். "ரெண்டும் போறது ஒரே கடல்லதானே?"

"அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுடா. உனக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள் லோர்னா. இந்த ஒரு விஷயத்தில் டெல்லாவும் அக்கா கட்சி.

லோர்னாவைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மையாகாது. கணவன் எர்ல் போன பிறகு, கரையில் அவள் யாருக்கும் ஒரு பொருட்டில்லை. மருந்துக் கடையில் பெயரைக் கேட்டு, திரும்பவும் கேட்பார்கள். கிரவுன் கப்பலில் ஏறிவிட்டால் கதையே வேறு. பலகாலப் பயணிகளுக்கென்று அங்கே படிப்படியாகப் பட்டங்கள் உண்டு. அவளுக்கு வைரப் பட்டம். தனி வரிசை, தனி விருந்து. தலைமைப் பரிசாரகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எர்ல் உட்காரும் நாற்காலியை இன்னும் காலியாகவே விட்டுவைப்பான். பெனன்டில் ஏறினால் அவள் நேற்று வந்தவர்களோடு பொது வரிசையில் நிற்கவேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையின் நிறத்தைப் பார்த்தே அவளை ஒன்றும் இல்லாதவள் என்று கண்டுகொள்வார்கள். டெல்லாவுக்கும் அந்தப் பக்கத்தில் இதே கதைதான். தவிர, அக்காவிடம் சின்ன வயதிலிருந்து விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது.

இந்த ஊர்க் கப்பல் பைத்தியங்களுக்கு ஒரு வித்தை தெரியும். முன்பணம் கட்டாமலேயே ஒரு அறையைச் சில நாளைக்குப் பிடித்துவைக்கலாம். கெடு முடிவதற்குள் உறுதி செய்யாவிட்டால் அறை தானாகக் கைவிட்டுப் போகும். லோர்னா கிரவுனில் பிடித்தாள். அதே சனிக்கிழமைக்கு டெல்லா பெனன்டில் பிடித்தாள். கெடுவின் கடைசி நாள்வரை காத்திருந்தால் மற்றவள் இறங்கி வருவாள் என்று இருவரும் கணக்குப் போட்டார்கள். இருவருக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். இரண்டு அறையும் போயிற்று.

"போனா போகுது, அடுத்த வாரம் இதைவிட நல்ல அறை வரும்" என்றாள் லோர்னா. மறுபடியும் பிடித்தார்கள். மறுபடியும் போயிற்று. சாகக் கிடக்கிறவனை வைத்துக்கொண்டு இப்படி விளையாட எப்படித்தான் மனம் வந்ததோ! அவர்களைக் கேட்டால் விளையாட்டு என்று சொல்லமாட்டார்கள், தம்பிக்கு இருப்பதிலேயே நல்லதைத் தேடினோம் என்பார்கள். அதை நம்பவும் செய்தார்கள்.

வெண்டல் சனிக்கிழமைகளில் கப்பல்கள் கடலுக்குள் போகும் முகத்துவாரத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். கால்வாய் ஓரத்து மாடி வீட்டுக்காரர்கள், கிளம்பும் கப்பல்களுக்கு மணியடித்துக் கொடியாட்டுவது அங்கே வழக்கம். அவன் பூங்காப் பெஞ்சில் உட்கார்ந்து தொப்பியை ஆட்டுவான். முதலில் கிரவுன் போகும், பின்னாலேயே பெனன்ட் போகும். இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆட்டுவான். மேல்தளத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் பதிலுக்குக் கையாட்டுவார்கள். அவனுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். பிப்ரவரியில் பெஞ்சுவரை தானாக நடந்தான். மார்ச்சில் லோர்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் காரிலேயே உட்கார்ந்து கண்ணாடியை இறக்கச் சொன்னான்.

ஒரு காலையில் அவன் ஜன்னலோரம் முகம் மழிக்கும்போது லோர்னா பார்த்தாள். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. மஞ்சள் கட்டியிருந்தது.

அவள் அப்போதே டெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"உன் கப்பல்லயே போலாம்டி."

"என்ன, கிண்டலா?"

"சத்தியமாத்தான் சொல்றேன். இந்தச் சனிக்கிழமைக்கே போடு. எந்த அறை கிடைச்சாலும் சரி, ஜன்னல் இல்லாட்டியும் சரி. அவன் கண்ணு மஞ்சளாயிடுச்சு."

டெல்லா "ஐயோ லோர்னா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள். அரைமணி நேரத்தில் டிக்கெட் வந்தது.

டாக்டரைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று இருவருக்கும் தெரியும். அதனால் கேட்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்த அவசரத்தோடு ஓடினார்கள். லோர்னா தன் முகப்பூச்சை எடுத்து வெண்டலின் கன்னத்தில் தடவினாள். எர்லின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டாள்.

"மாஃபியா தலைவன் மாதிரி இருக்கேனா?" என்றான்.

"ஓய்வுபெற்ற மாஃபியா" என்றாள் டெல்லா, அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே.

துறைமுகக் கட்டடத்தில் கப்பல் ஆட்கள் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். சக்கர நாற்காலியில் வெண்டல். உடல்நிலை எப்படி என்று வாசலில் கேட்டார்கள். முதுகு வலி, வேறொன்றும் இல்லை என்று லோர்னா பதில் சொன்னாள். வாந்தி உண்டா, காய்ச்சல் உண்டா? இல்லவே இல்லை. உள்ளே விட்டுவிட்டார்கள். பெரிய கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெனன்டின் வெள்ளை உடம்பு தெரிந்தது. வெண்டல் வாயைத் திறந்து பார்த்தபடி இருந்தான். லோர்னா பொது வரிசையில் நின்றாள். அவளை யாருக்கும் தெரியவில்லை. அது இப்போது அவளை ஒன்றும் செய்யவில்லை.

கவுன்டரில் இருந்த இளம்பெண் சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"சார் முதல்தடவை வர்றாங்க போலிருக்கே! ஒரு போட்டோ எடுத்துக்கறேன். கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க சார்."

லோர்னா டெல்லாவைப் பார்த்தாள். டெல்லாவும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரின் படமும் அவரவர் கம்பெனியில் என்றைக்கோ ஏறிவிட்டது. பட்டம் பெற்றவர்களை யாரும் காமிராமுன் நிறுத்துவதில்லை. கப்பலின் ஒவ்வொரு ஆணியும் தெரிந்த இரண்டு பெண்களுக்கும், புதிதாக வருகிறவனைக் கண்ணாடி கழற்றச் சொல்வார்கள் என்பது மறந்தே போயிருந்தது.

"கண்ணு கூசும் அவனுக்கு" என்றாள் லோர்னா.

"ஒரு செகண்டுதான் மேடம்."

வெண்டல் தானே கழற்றினான். அந்தப் பெண் காமிராவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. யாரையோ மெதுவாகக் கூப்பிட்டாள்.

கப்பலிலிருந்து ஒரு நர்ஸ் இறங்கிவந்தாள். நடுத்தர வயதுப் பெண், குரலில் அதட்டல் இல்லை. தள்ளி ஒரு அறைக்குள் கூட்டிப்போய் அவன் கண் இமையை விலக்கிப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். கால் வீக்கத்தை விரலால் அழுத்த, குழி அப்படியே நின்றது. வெளியே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து அவன் எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"உங்களை ஏத்திக்க முடியாது சார். நடுக்கடல்ல ஏதாவது ஆச்சுன்னா எங்களால தாங்க முடியாது. ரொம்ப வருத்தமா இருக்கு."

"என் தங்கை பிளாட்டினப் பட்டம் வாங்கினவ. அவ இந்தக் கப்பல்லயே எத்தனை தடவை..." என்று லோர்னா குரலை உயர்த்தினாள். டெல்லா அவள் கையைப் பிடித்து அமர்த்தினாள்.

வெண்டல், கிடங்கு வாசலில் நின்று மழை வருமா என்று விசாரிக்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டான்.

"போன மாசம் வந்திருந்தா விட்டிருப்பீங்களாம்மா?"

"கண்ணு இப்படி ஆகறதுக்கு முன்னாடியா?"

"ஆமா. அப்ப நடந்துகிட்டுதான் இருந்தேன்."

நர்ஸுக்கு விஷயம் தெரியாது, பாவம். "நடந்து வந்திருந்தீங்கன்னா யார் தடுத்திருக்கப்போறா? ஏறியிருப்பீங்க" என்றாள்.

"அதான் கேட்டேன்" என்றான் வெண்டல்.

அவன் குத்திக்காட்டக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கத் தெரிந்தவனாக இருந்தால் பல வருடங்களுக்கு முன்பே கேட்டிருப்பான். ஆனால் லோர்னாவுக்கு நெஞ்சில் ஈட்டி இறங்கியது. கத்தமாட்டானா, நாலு வார்த்தை திட்டமாட்டானா என்று ஏங்கினாள். அவன் அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்து, "விடு லோர்னா, நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றான். அவன் அப்படிச் சொன்னதுதான் அவளால் தாங்கவே முடியாமல் போனது. எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.

பெட்டிகள் ஏற்கெனவே கப்பலுக்குள் போயிருந்தன. அவற்றைத் தேடி இறக்க நேரமாகும் என்றார்கள். கூட்டம் முழுக்க ஏறித் தீர்ந்து, நாற்காலிகள் காலியாகும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தார்கள். டெல்லா வாங்கிவந்த ஐஸ் தண்ணீரை வெண்டல் குடிக்கவில்லை. துண்டை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டான். பெட்டிகள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

லோர்னா காரை ஓட்டினாள். பின்சீட்டில் டெல்லா தம்பியின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டிருந்தாள். பாலத்தில் ஏறும்போது பின்னால் ஒரு கப்பல் கூவியது, நீளமாக, அடித்தொண்டையில். வெண்டல் கண்ணைத் திறக்காமலேயே கேட்டான்.

"இது யாரோட கப்பல்? கிரவுனா, பெனன்டா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த ஒலியை வைத்தே இருவரும் சொல்லிவிடுவார்கள். லோர்னா கண்ணாடியில் தங்கையைப் பார்த்தாள். டெல்லா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலடா" என்றாள் லோர்னா.