புலி வீட்டுத் தேர்தல்

நாய் வளர்க்கிற தெருவில் மனிதர்களுக்குப் பெயர் தங்காது. அந்தத் தெருவிலும் தங்கவில்லை. மருந்துக் கடைக்காரர் அங்கே மிளகு அப்பா. கல்லூரிக்குப் போகிற பெண் பட்டன் அக்கா. கோர்ட்டுக்குள் நுழைந்தால் அத்தனை பேரையும் எழுந்து நிற்க வைக்கிற நீதிபதியம்மாகூட, காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டால் வெறும் குண்டன் அம்மாதான். நாயின் பெயரை முதல் நாளே கேட்டுவிடுவார்கள். ஆளின் பெயரைக் கேட்க மறந்துபோகும். பழகிய பிறகு கேட்க வெட்கமாகிவிடும்.

இந்தச் சங்கதி தெருவுக்கே தெரியும், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர் ஒருவரைத் தவிர. அவர் வீட்டிலும் நாய் உண்டு. ஆனால் தெருவே நாயோடு நடக்கிற நேரத்தில் அவர் யாரோ ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "கிளட்ச்சை விடுங்க, மெதுவா விடுங்க, ஐயோ!" என்று கத்திக்கொண்டிருப்பார். நாயைக் கூட்டிப்போவது அவர் மனைவி. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். ஊசி குத்தப் போகுமுன் நாயோடு ஒரு சுற்று நடந்தால்தான் கை நடுங்காது என்பாள். நாயின் பெயர் புலி. பெயரில்தான் புலி. மதில்மேல் பூனை நடந்தால் இது கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில்தான் அந்தத் தெரு வீடுகளின் நாய்கள் எல்லாம் கயிறு அவிழ்ந்து ஓடும். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருநாள் அங்கே காற்று வாங்கப் போனார். ஒரு நாய்க்குட்டி அவருடைய செருப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மற்றவராக இருந்தால் சிரித்துவிட்டு வேறு செருப்பு வாங்கியிருப்பார். இவருக்கோ ஒற்றைச் செருப்புக் கோபம் ஊர்க்கோபமாகிவிட்டது. "இந்தத் தேர்தல் முடியட்டும். மறுநாள் காலையில மைதானத்துக்குப் பூட்டு. இனி ஒரு நாய் உள்ளே வரக்கூடாது" என்று அறிவித்துவிட்டார். பூட்டையும் வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். எலுமிச்சம்பழ அளவில் நல்ல பித்தளைப் பூட்டு.

அந்தச் சங்கத்துத் தேர்தல் ஒரு தினுசு. யாரும் போட்டியிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூடி, அவரவர் விரும்புகிற ஆளைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். அதிகம் விழுந்தவர் செயலாளர். இத்தனை காலமும் யோசிக்கச் சோம்பல்பட்டு எல்லோரும் இருந்தவரையே எழுதி வந்தார்கள்.

"இந்தா, இந்தத் தடவை நான் இறங்கப் போறேன்" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

மனைவி வாசலில் உட்கார்ந்து புலியின் பாதங்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "எதுலங்க?"

"செயலாளர் பதவியில. மைதானத்தைக் காப்பாத்த ஒரு ஆள் வேணும்ல? நாய் வச்சிருக்கிறவங்க ஓட்டெல்லாம் நமக்குத்தான்."

"நல்லதுங்க. மைதானம் போச்சுன்னா இதுங்க பாவம்" என்றாள். அடுத்த காலைத் துடைக்கப் புலியைத் திருப்பினாள்.

சனிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். அடையாளத்துக்குப் புலியையும் பிடித்துக்கொண்டார். அன்றைக்குப் புலி அவரை நடத்திக்கொண்டு போனது என்பதே சரி. ஒவ்வொரு கேட்டிலும் நின்றது, வாலை ஆட்டியது, கதவு திறந்தது. மிளகு அப்பா மருந்துக் கடையை விட்டே இறங்கி வந்து புலியின் தாடையைச் சொறிந்தார். பட்டன் அக்கா, "புலி! அம்மா எங்கடா?" என்று மண்டியிட்டாள். மூலை வீட்டில், நாய் என்றாலே நடுங்குகிற கைக்குழந்தைக்காரி ஜன்னல் வழியாக, "புலி அம்மா வரலீங்களா? அவங்க எங்க வீடு வந்தா எதிர்ப்பக்கமா போயிடுவாங்க. சொல்லாமலே புரிஞ்சுக்கிட்டாங்க" என்றாள். அவர் வருத்தம் தெரிவித்துவிட்டு எதிர்ப்பக்கம் போனார். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தன் முகராசியை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

"ஜெயிச்சாச்சுன்னு வச்சுக்கோ" என்றார் வீட்டுக்கு வந்து.

ஞாயிறு காலை சங்கக் கட்டடத்து வாசலில் நாய்களை எல்லாம் வேலிக்கம்பியில் கட்டிவிட்டு, ஜனங்கள் உள்ளே உட்கார்ந்தார்கள். செயலாளர் மேசைமேல் பூட்டு இருந்தது. சீட்டுகளைப் பிரித்துப் படிக்கும் பொறுப்பை நீதிபதியம்மாவிடம் கொடுத்தார்கள்.

"புலி அம்மா" என்று முதல் சீட்டைப் படித்தார் அவர். டிரைவிங் ஸ்கூல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பெயருக்குப் பதிலாக யாரோ கைதவறி எழுதிவிட்டார்கள் போல.

அடுத்ததும் புலி அம்மா. அதற்கடுத்தது செயலாளர். பிறகு புலி அம்மா, புலி அம்மா, "நம்ம புலியோட அம்மா". ஒரு சீட்டில் வெறுமனே புலி என்றே இருந்தது. நாய் வளர்க்காதவர்கள்கூட அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அசிங்கத்தை அள்ளிப் பையில் போட வேண்டும் என்று தெருவையே பழக்கியவள் அவள். சாயங்கால நேரத்தைப் பந்து விளையாடும் பிள்ளைகளுக்கு விட்டுத்தர நாய்க்காரர்களைச் சம்மதிக்க வைத்தவளும் அவள். கணவர் காது சிவக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவருடைய முழுப்பெயரில் இரண்டே இரண்டு சீட்டுகள் வந்தன. ஒன்று அவர் எழுதியது. இன்னொன்றில் இருந்த சாய்ந்த எழுத்து, ரத்தக்குப்பிகளில் பெயர் ஒட்டிப் பழகிய எழுத்து. அவரை நம்பி ஓட்டுப் போட்டிருந்தது அவள் ஒருத்திதான்.

முன்வரிசையில் அவள் அவரைவிட அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "இதெல்லாம் செல்லாது. புலி அம்மான்னு நம்ம தெருவுல யாருங்க? பதிவேட்டுல அப்படி ஒரு பேரே இல்லை."

"இதோ உக்காந்திருக்காங்களே!" என்று கூட்டம் கத்தியது.

"சரி, அவங்க பேரு என்ன? உங்கள்ல யாராவது ஒருத்தர் சொல்லுங்க, ஒத்துக்கிறேன். அவங்களே சொல்லிக்கக் கூடாது. ஆளோட பேருகூடத் தெரியாம ஓட்டுப் போட்டா அது என்ன தேர்தல்?"

மிளகு அப்பா பட்டன் அக்காவைப் பார்த்தார். பட்டன் அக்கா விட்டத்தைப் பார்த்தாள். தினமும் சேர்ந்து நடந்தவர்கள், நாய்க்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள், ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. செயலாளர் சிரித்தபடி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

டிரைவிங் ஸ்கூல்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். பெண்டாட்டியிடம் தோற்றவன் என்ற பேச்சு வராது. மைதானம் பூட்டப்படும், அவ்வளவுதான். அப்போது வெளியே புலி ஒரு தடவை குரைத்தது. அவள் பதறிப்போய் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

எழுந்த பிறகுதான் வந்தது சோதனை. பெயர் தெரியாமல் இல்லை. வாயில் வரவில்லை. இந்தா, இங்க பாரு, உன்னைத்தான் என்றே இத்தனை வருஷம் ஓடியிருந்தது. அந்தப் பெயரைக் கடைசியாக எப்போது சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள். நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு, முழுப்பெயரையும் சொன்னார். குரல் பாதியில் கம்மியது.

அவள் சட்டென்று திரும்பினாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"பதிவேட்டுல இருக்கா?" என்று கேட்டார் நீதிபதியம்மா.

செயலாளர் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார். "இருக்கு" என்று முனகிவிட்டுப் பூட்டைச் சாவியோடு மேசைமேல் வைத்தார்.

"அப்ப தீர்ப்பு முடிஞ்சுது. குண்டன் அம்மா சொல்றேன்!"

ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. அவரும் தட்டினார். தோற்றதே மறந்துபோய், உள்ளங்கை வலிக்கத் தட்டினார். சத்தம் அடங்கியதும் எல்லோரும் புதுச் செயலாளரைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள்.

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க. இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் சொன்னார். வேலியில் கட்டியிருந்த நாய்கள் அத்தனையும் சேர்ந்து குரைக்கும்படி, சத்தமாகச் சொன்னார்.