பின்னல் ரொட்டி, நான்காம் முறை

1

இந்தக் கதை ஒரு கருகல் வாசனையிலிருந்து வந்தது. 1997 டிசம்பரில் பூனாவில், வானவடியில் ஒரு குடியிருப்பின் முதல் மாடியில் வாடகைக்கு இருந்தேன். ஒரு வாரம் முழுக்க மேல்வீட்டிலிருந்து மாவும் சர்க்கரையும் சேர்ந்து கருகும் வாசனை இறங்கி வந்துகொண்டிருந்தது. படியேறிப் போய் என்னவென்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகவே கீழே வருவதில் வாசனை மட்டும் நிஜம், மீதியெல்லாம் நான் கட்டியது.

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

[பூனாவின் டிசம்பர்க் குளிர் ஜன்னல் வழியே மெல்ல] குளிரில் தொடங்காத பூனா கதை ஒன்றாவது இருக்கட்டும்.

[மைதாவைச் சலித்தபோது கோதையின் மனதில் பழைய நினைவுகள்] சலித்தால் வண்டுதான் வரும். வேண்டாம்.

[கோதை ஒரு பொய் சொன்னாள்.] இது நிற்கும்.

2

கோதை ஒரு பொய் சொன்னாள். இடம், மூன்றாம் மாடி வைஷாலியின் கூடம். குளிர்காலச் சனிக்கிழமைகளில் குடியிருப்புப் பெண்கள் ஆளுக்கொரு வகுப்பு எடுப்பது என்று பேச்சு. ஒருத்தி எம்பிராய்டரி, ஒருத்தி ரங்கோலி. கோதையின் முறை வந்தபோது வைஷாலி அவளைக் கேட்கக்கூட இல்லை, எழுதிக்கொண்டே சொன்னாள்.

"கோதை தாயிக்கு என்ன, இட்லி தோசைதான்!"

(மராத்தியில் 'தாயி' என்றால் அக்கா. பேச்சு முழுக்க இந்தியும் மராத்தியுமாக நடந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.)

எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தில் கோதைக்கு இட்லிக்காரி என்றுதான் பெயர். பண்டிகைக்கு இட்லி, யாருக்காவது காய்ச்சல் என்றால் இட்லி. அவள் திருச்சியில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள் என்பது ஒருவருக்கும் தெரியாது. கேட்டால்தானே சொல்வதற்கு. அன்றைக்கு அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

"இட்லி இல்லை. பிரெட். ஜடை மாதிரிப் பின்னி, இனிப்பா இருக்கும்."

"உங்களுக்குச் செய்ய வருமா?"

"அடிக்கடி செய்வேனே."

அவள் அதைச் செய்ததில்லை. சாப்பிட்டதுமில்லை. பழைய பேப்பர்க் கடையில் கிடந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். பக்கத்தில் பத்து வரியில் செய்முறை இருந்தது. வைஷாலி 'இட்லி'யை அடித்துவிட்டு 'பிரெட்' என்று எழுதினாள். எட்டுப் பெண்கள் பெயர் கொடுத்தார்கள்.

3

முதல் முறை, திங்கட்கிழமை. பாலை வெதுவெதுப்பாகச் சுடவைத்து ஈஸ்ட்டைக் கலக்கவும் என்றிருந்தது. காய்ச்சாத பாலை எந்தப் பண்டத்திலும் சேர்த்து அவளுக்குப் பழக்கமில்லை. பொங்கப் பொங்கக் காய்ச்சி, அந்தச் சூட்டோடு ஈஸ்ட்டின் தலையில் கொட்டினாள். பாவம், அது அங்கேயே செத்தது. மாவு அம்மிக்கல்லாக உட்கார்ந்திருந்தது. இருந்தும் விடாமல் சுட்டாள், கருகிற்று.

இரண்டாம் முறை, புதன்கிழமை. இப்போது ஈஸ்ட் பிழைத்தது. குளிரில் மாவு பொங்க வைக்கும் வித்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்திரத்தைக் கணவரின் கம்பளி ஸ்வெட்டரில் சுற்றி வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். மூன்று மணி நேரத்தில் இரண்டு மடங்கு. மூன்று இழையாக உருட்டிப் பின்னினாள். படத்தில் இருந்ததைவிட அழகாக வந்தது. வட்ட அலுமினிய ஓவனின் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாதி வேக்காட்டில் ரொட்டி விலாப்பக்கம் வாய் பிளந்தது. வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு.

பின்னல் நெகிழ்ந்துவிட்டது என்று முடிவுகட்டினாள். ஆகவே மூன்றாம் முறை, வெள்ளிக்கிழமை, இன்னும் இறுக்கி இழுத்துப் பின்னினாள். ரொட்டி இரண்டு பக்கமும் வெடித்தது.

4

கணவர் சுந்தரராமனைப் பற்றி ஒரு வார்த்தை. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. இந்தக் கதையில் அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். ["உனக்கெதுக்குடி இந்த வேலையெல்லாம்!" என்று அவர் தட்டை] மனிதர் ஒத்துழைக்கவில்லை. தட்டை வீசச் சொன்னால், வெந்த ஓரமாகப் பிய்த்து மென்றுகொண்டிருக்கிறார்.

"நன்னாத்தானே இருக்கு. நீயும் ஒரு வாய் பாரேன்."

"முழுசா வரட்டும். அப்புறந்தான் வாயில வைப்பேன்."

"நாளைக்கு கிளாஸ். ஜுரம்னு சொல்லிடேன். யார் வந்து தெர்மாமீட்டர் வெச்சுப் பார்க்கப் போறா?"

"ஜுரம்னு சொன்னா என்ன சொல்வா தெரியுமா? சரி, உடம்பு தேறினதும் இட்லி சொல்லித் தாங்கோன்னுவா. அப்புறம் இந்த ஜன்மத்துக்கும் நான் இட்லிதான்."

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் அம்ருதா மேஜையோரம் நின்று அந்த வெடித்த ரொட்டியைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அம்மா, நீ ரொம்ப டைட்டா பின்றே."

"பின்னல்னா அப்படித்தான்."

"மாவு இன்னும் பெரிசாகும்ல? அதுக்கு ஜகா, எடம் வேணும்ல? எனக்கும் இப்படித்தான் பின்னுவே. எவ்ளோ வலிக்கும் தெரியுமா? கண்ணெல்லாம் மேல இழுத்துக்கும்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. சொன்னா இன்னும் இழுப்பே."

(இந்த உரையாடலை மூன்று தடவை வெட்டினேன். ரொட்டியையும் பெண்ணையும் ஒரே ஜடையில் பின்னுவது எழுத்தாளனின் சாமர்த்தியம், வாழ்க்கையில் இப்படி நடக்காது என்று தோன்றியது. ஆனால் வெட்டிய ஒவ்வொரு தடவையும் கோதைக்கு ரொட்டி ஏன் வெடிக்கிறது என்று தெரியாமல் போயிற்று. கதை அங்கேயே நின்றது. திருப்பி ஒட்டிவிட்டேன்.)

கோதைக்கு வெட்கமாக இருந்தது. மகளின் தலையைத் தடவிக்கொடுக்கலாமா என்று நினைத்தாள். கை முழுக்க மாவு. "போய்ப் படி" என்றாள்.

5

சனிக்கிழமை இரண்டு மணி. எட்டுப் பெண்கள், கோதையின் ஒரே சமையலறை. ஒத்திகைக்கு நேரமில்லை. நான்காம் முறை அவர்கள் கண்முன்னால்தான். மாவு மட்டும் காலையிலேயே பிசைந்து, பொங்கித் தயாராக இருந்தது.

மூன்று இழைகளையும் மேஜையில் போட்டதும் விரல்கள் பழக்கதோஷத்தில் இழுக்கத் தொடங்கின. நிறுத்தினாள். பின்னியதைப் பிரித்தாள்.

"ஏன் பிரிக்கிறீங்க தாயி? நல்லாத்தானே இருந்தது?" என்றாள் வைஷாலி.

"இறுக்கினா வெடிக்கும். நேத்து வெடிச்சது. அதுக்கு முன்னாடியும் வெடிச்சது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிக்கடி செய்வேன் என்று சொன்னவள் இவள்தானே?

"மூணு தடவை செஞ்சேன், மூணும் வீணாப் போச்சு. நான் இதைச் சாப்பிட்டதுகூட இல்லை. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றாள் கோதை. சொல்லிக்கொண்டே தொளதொளவென்று பின்னி முடித்தாள். முட்டை வாங்காத வீடு, அதனால் செய்முறையில் சொன்ன முட்டைக்குப் பதில் மேலே பாலும் சர்க்கரையும் தடவினாள். அரைமணி நேரம் பொங்கவிட்டு ஓவனில் வைத்து மூடினாள். ஒருத்தியும் எழுந்து போகவில்லை. பொய்யைப் பற்றிப் பேசவுமில்லை. ஒன்பது தலைகள் கண்ணாடி மூடியைச் சுற்றி முட்டிக்கொண்டன.

6

இங்கே எனக்கு ஒரு முடிவு வேண்டும். இரண்டு எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: [பொன்னிறமாக, படத்தில் உள்ளபடியே. கைதட்டல். கோதையின் கண்களில் நீர்] இதை நீங்களே எழுதியிருப்பீர்கள், நான் எதற்கு?

இரண்டு: [மறுபடியும் வெடிக்கிறது. வைஷாலி பரிவோடு, "அடுத்த வாரம் இட்லியே] இதை எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த ஒரு வாரம் அவள் பட்ட பாடு வேறு யாருக்குத் தெரியும்?

ஆகவே ஓவனை மட்டும் திறக்கிறேன். ரொட்டி வெடிக்கவில்லை. ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது, அடி சற்று அதிகமாகச் சிவந்திருந்தது. கோதை ஆறவிட்டு, வெட்டி, எட்டுப் பேருக்கும் கொடுத்துவிட்டு ஒன்பதாம் துண்டைக் கையில் எடுத்தாள். முழுசாக வந்துவிட்டது, இனி வாயில் வைக்க வேண்டியதுதான். எட்டுப் பேரும் தங்கள் துண்டைத் தின்னாமல் அவள் முகத்தையே பார்த்தார்கள். நானும் பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தேன். சுவையைப் பொறுத்துத்தான் முடிவு என்பது என் திட்டம்.

அவள் துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வைஷாலியிடம் திரும்பினாள்.

"அடுத்த சனிக்கிழமை நாலு இழை. எழுதிக்கோ. அவங்கவங்க மைதா அவங்கவங்க கொண்டு வரணும்."

வைஷாலி நோட்டைத் தேடி ஓடினாள்.

அந்தத் துண்டு இன்னும் கோதையின் கையில்தான் இருக்கிறது. எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நானும் அந்த ரொட்டியைச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டவர்கள் யாராவது இருந்தால் சுவையை எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இல்லை என்று எழுதினாலும் சரி, அடுத்த சனிக்கிழமை இரண்டு மணிக்கு வகுப்பு உண்டு.